என் பெட்டி மேல் பழி போட்ட கார்: புதூர்நாடு மலைச்சாலைப் பயணம்

போன மார்கழியில் நாங்கள் புதூர்நாட்டுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. எங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு கட்டப் போனோம். ஜவ்வாது மலை ஏறும்போது இந்தத் தடவையும் எஞ்சின் கொதித்தால், ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பெங்களூர்க்காரருக்கு அன்றைக்கே போன் போட்டு, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடப்போவதாக என் வீட்டுக்காரர் அறிவித்துவிட்டார். சொன்னால் செய்கிற மனுஷன்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. இரண்டே சீட்டு, மடக்கிவிடுகிற துணிக்கூரை, கரும்பச்சை நிறம். கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கீழே கமெண்டில் விலைக்கு வருமா என்று பத்துப் பேர் கேட்பீர்கள். உள்ளே உட்கார்ந்தால் பக்கத்தில் போகிற பஸ்ஸின் சக்கரம்தான் கண்ணுக்கு நேரே தெரியும். அவ்வளவு தாழ்வு. என் வீட்டுக்காரர் சம்பத்து (இனிமேல் இவர்) ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அங்கே ஒரு ஷெட்டில் துண்டு துண்டாகக் கிடந்த இந்தக் காரை முதலாளியிடம் கெஞ்சி வாங்கி, ஒடுகத்தூர் வீட்டுக்குப் பின்னால் வைத்து இரண்டு வருடம் கோத்தார். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் இதே வண்டியில்தான். கற்றுக்கொடுத்தார் என்பதைவிடக் கத்தினார் என்பது சரி.

முப்பது வருஷத்துக்கும் முன்னால் ஒரு கார்த்திகையில் எங்கள் கல்யாணம். மார்கழியில் விசேஷம் எதுவும் இருக்காது, யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று கணக்குப் பண்ணி, புதூர்நாட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றார். அங்கே இவருடைய சிநேகிதர் ஒருவர் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அம்மா கொடுத்தனுப்பிய நீலத் தகரப் பெட்டியில் நாலு பட்டுப்புடவை, ஒரு டின் முறுக்கு, வாத்தியார் வீட்டுக்குக் கொடுக்க ஒரு பித்தளைச் சொம்பு என்று அடுக்கிக்கொண்டு நான் வந்து நின்றேன். மலைக்கு எதற்குப் பட்டு என்று கேட்காதீர்கள். புதுசாகக் கல்யாணமானவளுக்கு எதற்கு எது வேண்டும் என்றெல்லாம் தெரியாது. பெட்டியைப் பின்னால் கம்பித் தட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். பாதி மலையில் வண்டி புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றுவிட்டது. ஊற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த பெண்கள் நாலு பேர் சிரித்துக்கொண்டே குடத்துத் தண்ணீரை வண்டியின் மூஞ்சியில் ஊற்றினார்கள். சூடு தணிந்ததும் வந்த வழியே இறங்கிவிட்டோம். புதூர்நாடு போய்ச் சேரவே இல்லை.

அன்றைக்கு இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உருண்டு வந்தோம். நல்ல குளிர். இவருடைய மேல்சட்டையை நான் போட்டுக்கொண்டிருந்தேன். முறுக்கு டின்னைத் திறந்து ஆளுக்கு ஒன்றாகக் கடித்துக்கொண்டே வந்தபோது, "உன் பெட்டி கனம் தாங்காமதான் கொதிச்சிடுச்சி" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை அன்றோடு போகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அந்தப் பெட்டி, ரயில் தவறினாலும் அந்தப் பெட்டிதான். பிள்ளைகளும் அதையே படித்துக்கொண்டார்கள்.

நடுவில் வேலை மாற்றல், பிள்ளைகள் படிப்பு என்று வண்டி தார்ப்பாய்க்குள் தூங்கியது. இவர் ரிடையர் ஆனதும் எழுப்பினார். இந்தப் பயணத்துக்கு முந்தைய வருஷம் மார்கழியில் ஆசையாகப் புதூர்நாட்டுக்குக் கிளம்பினோம். கிட்டத்தட்ட அதே இடத்தில் அதே புஸ். அந்தத் தடவை பெட்டி கிடையாது, கைப்பை மட்டும்தான். ஞாபகப்படுத்தினேன். "பெட்டி வரலைன்னா இன்னா? நீயே பெட்டி கனத்துக்கு ஏறிட்டியே" என்றார். அந்த நிலைமையிலும் அந்த வாய்!

திரும்பி வந்ததும் வண்டியை நன்றாகக் குளிப்பாட்டி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார். அழுக்கு வண்டியை மெக்கானிக்கிடம் அனுப்புவது இவருக்கு, தலை சீவாமல் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது மாதிரி. ரேடியேட்டருக்குப் புது உள்கூடு போட்டார். தண்ணீர்ப் பம்ப், தெர்மோஸ்டாட், ரப்பர் குழாய்கள் எல்லாம் புதுசு. ரேடியேட்டருக்கு முன்னால் கூடுதலாக ஒரு மின்விசிறியும் வைத்தார். சித்திரை வெயிலில், அதுவும் மத்தியானத்தில், ஏலகிரி மலைக்கு ஏற்றிக் காட்டினார். முள் பாதியைத் தாண்டவில்லை. ஆக, ஏலகிரி வெயிலில் கொதிக்காத வண்டி ஜவ்வாது மலைக் குளிரில் கொதிக்கிறது! வாழ்க்கை முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிய மனுஷனுக்கு இது பெரிய அடி. "சரி பண்ணத் தெரியாத வண்டிய வூட்ல வச்சிக்கினு இருக்கறது அவமானம் வசந்தா" என்று அன்றைக்குச் சொன்னார். பெங்களூர்க்காரர் பேச்சு அப்போதுதான் ஆரம்பித்தது.

இனி இந்தப் பயணம். காலை ஆறரைக்கு ஒடுகத்தூரில் கிளம்பினோம். மாதனூர் போய் நெடுஞ்சாலையைப் பிடித்து ஆம்பூர், வாணியம்பாடி, அங்கிருந்து திருப்பத்தூர். எங்கள் மீட்டர் மைல் கணக்கு. கிலோமீட்டரில் திருப்பத்தூர் வரை அறுபதுக்குக் கொஞ்சம் மேலே, அதற்குப் பிறகு மலை முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகியிருந்ததால் வண்டி ஓட்டியது நான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சாலையைப் பார்க்காமல் வெப்பமானி முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். திருப்பத்தூரில் டேங்க் நிரப்பினோம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மலை மேல் பெட்ரோல் பங்க்கை நம்பாதீர்கள். டீக்கடைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், உக்காந்தா எந்திரிக்க முடியுமா இதுல?" என்று கேட்டார். இவர் முட்டியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

மலைச்சாலை இப்போது நன்றாக இருக்கிறது. கூரையை மடக்கிவிட்டு ஏறினோம். பனி மரங்களுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. ஈர மண் வாசனையும், எங்கோ எரியும் விறகு வாசனையும். வளைவுகளில் கியர் மாற்றும்போது இவர் கை தானாக வந்து என் கைமேல் உட்காரும், பிறகு நினைவு வந்து எடுத்துக்கொள்வார். கற்றுக்கொடுத்த காலத்தில் அந்தக் கை இப்படி வராது, அடிதான் விழும். முள் பாதிக்குக் கீழேயே நின்றது. "பாரு, எப்பிடிக் கீது" என்றார். நான் ஆமாம் என்று சொன்னால் திருஷ்டி பட்டுவிடும்.

பாதிக்கு மேல் ஏறியதும் சாலையை அடைத்துச் சாமைக் கதிர் பரப்பியிருந்தார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அறுவடை சமயத்தில் கதிரைச் சாலையில் போட்டுவிடுவார்கள். பஸ், ஜீப், டிராக்டர் எல்லாம் மேலே ஏறிப் போகப் போக மணி உதிரும். கூலியில்லாத போரடிப்பு. நான் ஓரமாக ஒதுங்கிப் போகப் பார்த்தேன். இவர் விடவில்லை.

"இன்னாம்மா, சுத்திக்கினு போறே? மேலயே போ. விவசாயி வூட்டுப் புள்ள வண்டி கதிர ஒதுக்கிட்டுப் போச்சின்னா அவங்க இன்னா நெனப்பாங்க?"

ஏறினேன். நிற்கச் சொன்னார். பின்னால் எடுக்கச் சொன்னார். மறுபடி ஏறச் சொன்னார். ஒரு தடவை போனால் கடமை, மூன்று தடவை போனால் மரியாதையாம். இவருடைய அப்பா வேர்க்கடலையும் நெல்லும் போட்டவர். ரோட்டில் கொள்ளுச் செடி காய்ந்தால் மாட்டுவண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து ஓட்டிவிட்டுப் போவாராம். ஓரத்தில் நின்ற பெண்கள் கையாட்டினார்கள். இவரும் ஒரு மந்திரி மாதிரி கையாட்டினார். அடுத்த வளைவில் இன்னொரு பரப்பு. அங்கேயும் மூன்று தடவை.

அதற்குப் பிறகு முள் நகர ஆரம்பித்தது. முதலில் ஒரு நூல் அளவு. பிறகு நம் கண்ணுக்கு முன்னாலேயே ஏறியது. "ஹீட்டரப் போடு" என்றார். ஹீட்டரைப் போட்டால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் காலடிக்கு வந்துவிடும். குளிரில் மேலெல்லாம் நடுங்க, கால் மட்டும் வெந்தது. அதற்கும் மசியவில்லை. அகலமான ஒரு இடம் பார்த்து நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அணைத்ததும், எதற்காகப் பயந்துகொண்டிருந்தேனோ அந்தச் சத்தம் வந்தது. புஸ்.

இவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஒத்துக்கினேன் வசந்தா. எனுக்கு இதான் அளவு" என்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். டவர் இல்லை. மேலே வளைவுக்குப் போனால் கிடைக்கும் என்று மெதுவாக நடக்க ஆரம்பித்தார். வண்டி போனால் போகிறது. ஆனால் இந்த மனுஷன் தோற்றுப்போய் வீட்டில் உட்காருவதை நான் எப்படிப் பார்ப்பேன்?

கீழே கதிர்ப் பரப்பில் நின்ற பெண்களில் ஒருத்தி முறத்தோடு ஏறி வந்தாள். நாற்பது வயது இருக்கும். பெயர் அலமேலு என்று பிறகு சொன்னாள்.

"இன்னாக்கா, வண்டி நின்னுக்கிச்சா?"

"கொதிச்சிடுச்சிம்மா."

அவள் எஞ்சினைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்னால் குனிந்து, பம்பருக்குக் கீழே இருக்கிற வாய்க்குள் கையை விட்டாள். ஒரு கொத்துச் சாமை வந்தது. இன்னொரு கொத்து.

"எங்க சாமைய வாய் நெறைய அடக்கிக்கினு வந்துட்டீங்களே! மூணு தபா மேல ஏறி மிதிச்சிக் குடுக்கறாங்கன்னு சந்தோசப்பட்டோம். திங்கறதுக்குத்தான் வந்து வந்து போச்சா இது?"

கேலியாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிர்ந்த தார்ச்சாலையில் மண்டிபோட்டுப் போன் டார்ச்சை உள்ளே அடித்தேன். முன்னால் வைத்த மின்விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம் போகவில்லை. தாளும் உமியும் பாய் முடைந்த மாதிரி அப்பிக்கிடந்தது. காற்று போக வழியில்லாமல் எது குளிரும்?

அவ்வளவுதான், எழுந்து ஓடினேன். இந்த வயதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மலை ஏற்றத்தில் ஓடுவது என்ன லட்சணம் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். வளைவில் இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க! பேசாதீங்க! வைங்க போன!"

"ரிங் போவுது..."

பிடுங்கி அணைத்துவிட்டேன். இவரிடமிருந்து எதையும் நான் பிடுங்கியதே கிடையாது. திகைத்துப்போய் நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

குனியக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்ததால், இவர் நின்றபடி சொல்ல, சூடு ஆறியதும் நான்தான் விசிறியின் நாலு திருகைக் கழற்றினேன். பல் தேய்க்கும் பிரஷால் மேலிருந்து கீழாகத் தள்ளினேன். அலமேலு கீழே முறத்தைப் பிடித்தாள். "ஒண்ணும் கீழ வுடாதக்கா, மணி கீது அதுல" என்றாள். அரைமணி நேரத்தில் ரேடியேட்டர் பளிச்சென்று தெரிந்தது. அவள் முறத்தில் புடைத்துப் பார்த்தபோது இரண்டு கை சாமை தேறியது.

இவர் அந்த உமிக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தபாவும் இதே மாதிரி கதிர் மேலதான் ஏத்திக்கினு வந்தேன். மொதல் தபா வந்தப்ப அந்தப் பொம்பளைங்க மூஞ்சில தண்ணி ஊத்துனாங்க, எல்லாம் கழுவிக்கினு போய்டுச்சி. போன தபா நானே குளிப்பாட்டிட்டேன். மூடியத் தெறந்து உள்ள தண்ணிய மட்டும் பாத்தேனே தவிர, இப்பிடி மூஞ்சிக்கு நேரா ஒரு தபா பாக்கல." முறத்திலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டே, "ஏலகிரியில யாரும் ரோட்டுல சாமை போடல" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடிக்குள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது. ஆபரேஷன் பண்ணின கண்ணைத் துடைக்காதீர்கள் என்று நான் அதட்ட வேண்டியிருந்தது.

ரேடியேட்டர் மூடி கையால் தொடுகிற சூட்டுக்கு வந்த பிறகு, துணி சுற்றி மெதுவாகத் திறந்து தண்ணீர் விட்டோம். மேலே இன்னும் இரண்டு இடத்தில் கதிர் போட்டிருக்கிறார்கள் என்றாள் அலமேலு. ஒதுங்கிப் போய்விடலாமா என்று இவரைக் கேட்டேன். கேட்டதே தப்பு. தோளில் கிடந்த துண்டை எடுத்து வண்டியின் வாயை மூடிக் கட்டச் சொன்னார். மெதுவாக ஒரே ஒரு தடவை ஏறி இறங்குவது, இறங்கியதும் கீழே ஏதாவது சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பது, துண்டை அவிழ்ப்பது, போவது. அப்படியே இரண்டு இடத்தையும் தாண்டினோம். புழுதிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிற ஆள் மாதிரி இருந்தது வண்டி. முள் பாதியைத் தாண்டவில்லை. அந்த முள்ளைப் பார்த்து நான் கும்பிட்டதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

பதினொரு மணிக்குப் புதூர்நாடு. வாத்தியார் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார், பித்தளைச் சொம்பு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடுங்கள். புளியமரங்கள், சாமைக் காடு, இரண்டு மூன்று கடைகள், ஆள் ஏறுவதற்காக நிற்கும் ஜீப்புகள், அவ்வளவுதான். கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். இருபத்துமூன்று வயதில் பட்டுப்புடவையோடு வந்து இறங்கியிருக்க வேண்டிய இடத்தில், முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வந்து இறங்கினேன். அன்றைக்கே வந்து சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். அந்தக் குளிரும், அந்தச் சட்டையும், அந்த முறுக்கும் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. இவரிடம் சொன்னேன். "முறுக்கு எடுத்தாந்திருக்கலாம்" என்றார். அவருக்கும் அதே நினைப்புதான் ஓடியிருக்கிறது.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். திருப்பத்தூரிலிருந்து பஸ் குறைவு, திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். சொந்த வண்டி என்றால் சீக்கிரம் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். மேலே சாப்பாடு கிடைக்கும், எங்களுக்கு ஆளுக்கு எழுபது ரூபாய் ஆனது. போனவுடன் சொல்லிவைப்பது நல்லது. பாதி வழியில் டவர் இருக்காது. எனக்கு அது நல்லதாகவே முடிந்தது.

பழைய வண்டியில் போகிறவர்களுக்குத் தனியாக: பத்து லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கொதித்ததும் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், எங்கள் எஞ்சின் அன்றைக்கு விரிசல் விடாமல் தப்பியது அதிர்ஷ்டம். தாழ்வான வண்டி என்றால் கதிர் மேல் ஏறுவதற்கு முன்னால் வாயை மூடிக் கட்டுங்கள், தாண்டியதும் மறக்காமல் அவிழுங்கள். தாள் அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. குனிந்து பார்க்காமல் நகராதீர்கள். என்ன பாகம் மாற்றலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் வண்டியின் முகத்தை ஒரு தடவை பாருங்கள். குளிப்பாட்டுவதெல்லாம் அதற்கப்புறம்.

இறங்கும் வழியில் அலமேலுவிடம் வண்டியை நிறுத்தி, நாலு கிலோ சாமை விலைக்கு வாங்கினோம். "வண்டிக்கா, உங்களுக்கா?" என்று கேட்டாள்.

வீடு வந்து சேர்ந்தபோது பெங்களூர்க்காரரே கூப்பிட்டார். காலையில் உங்கள் போன் வந்து நின்றுவிட்டதே, என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார். இவர் வாசலில் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு பதில் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது.

"ஒண்ணுமில்லீங்க. வண்டி குடுக்கறதுக்கில்ல. வூட்டுக்காரிக்கு ஒரு பெட்டி கீது, அத ஏத்திக்கினு நான் இன்னும் மலைக்குப் போவல."

போனை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, பரணிலிருந்து அந்த நீலப் பெட்டியை இறக்க வந்தார். கனத்தைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று கத்திக்கொண்டே ஓடினேன். "கனமா? இதுவா? யாரு சொன்னா?" என்றார்.